உருவகம் புரிவதை அளக்க வாக்கியம் அமைப்பது எப்படி? தமிழில் எங்கெங்கே சறுக்கும்?

தரமணி வாசகர் கேட்டது:

வணக்கம். சென்னைக் கல்லூரி மாணவர்கள் 40 பேரிடம் ஒரு சிறு ஆய்வு செய்வதாகத் திட்டம். முதல் பாதியில் திரையில் வாக்கியம் சொல் சொல்லாக வரும், பட்டனை அழுத்தினால் அடுத்த சொல். நேர்ப்பொருள் வாக்கியத்துக்கும் உருவக வாக்கியத்துக்கும் ஆகும் நேரத்தை ஒப்பிட வேண்டும். இரண்டாம் பாதியில் ஒரு நிலைமையைக் கொடுத்து, அவர்களையே உருவகம் எழுதச் சொல்ல வேண்டும்.

முன்னோட்டத்திலேயே மூன்று சிக்கல். எது உருவகம் என்பதில் குறியிடும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. "படம் மொக்கை" உருவகமா, சாதாரணச் சொல்லா? "அண்ணா சாலை மூச்சுத் திணறுகிறது" என்பதில் உருவகச் சொல் ஒன்றா, இரண்டா? அடுத்து, எந்த வாக்கியமானாலும் கடைசிச் சொல்லில் நேரம் கூடுகிறது, உருவகத்தால் கூடியது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. மூன்றாவது, எழுதச் சொன்னால் "கிணற்றுத் தவளை", "உள்ளங்கை நெல்லிக்கனி" என்று பள்ளிக்கூட உவமைத்தொடர்களே வருகின்றன.

மொழியியல், உளவியல், நரம்பியல், அணியிலக்கணம் நான்கும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றனவா என்றே சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சொற்பிரிப்பு:

குறியிடுவது பற்றி மட்டும் சொல்கிறேன். "இது உருவகமா?" என்று நேரடியாகக் கேட்டால் எந்த இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். பிராகிள்ஜாஸ் என்ற உருவக ஆய்வாளர் குழு 2007-இல் வெளியிட்ட முறையைக் கையாளுங்கள். முதலில் பகுதி முழுவதையும் படிக்க வேண்டும். பிறகு சொல்லலகுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தில் என்ன பொருள் என்று எழுத வேண்டும். அதே சொல்லுக்கு இன்றைய வழக்கில் அதைவிட அடிப்படையான பொருள் (கையால் தொடக்கூடியது, உடலோடு சேர்ந்தது, துல்லியமானது) உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டு பொருளும் வேறாக இருந்து, ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ள முடிந்தால் உருவகக் குறி போடலாம்.

இந்த அளவுகோலில் "மொக்கை" தேறிவிடும். பென்சில் முனைக்கும் கத்திக்கும் சொல்வது அடிப்படைப் பொருள், படத்துக்குச் சொல்வது அதை வைத்துப் புரிகிறது. "அறுவை", "கடுப்பு" இவையும் அப்படியே. ஆனால் "கவலை" தேறாது. கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலையும் மனக்கவலையும் எழுத்தில் ஒன்று, ஒப்புமை ஏதும் இல்லை. இந்த முறை ஒரு சொல் புதிதா, தேய்ந்ததா என்று கேட்பதே இல்லை. அதைத் தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே கேள்வியாக்கியதில்தான் உங்கள் ஆட்கள் முட்டிக்கொள்கிறார்கள்.

அகராதி முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–36) பழைய வழக்கையும் புதியதையும் சேர்த்தே தரும். அதை மட்டும் வைத்தால் ஒருவர் சங்ககாலப் பொருளை அடிப்படையென்று எடுத்துக்கொள்வார். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை முதலில் பார்ப்பது, அதில் இல்லாத சென்னைப் பேச்சுச் சொற்களுக்கு நீங்களே ஒரு பட்டியல் எழுதி இருவருக்கும் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கென்றே வரும் தொல்லைகளை வேலை தொடங்கும் முன்பே தீர்த்துவிட வேண்டும்.

கூட்டுவினை: "மூச்சுத் திணறு", "கைகொடு", "கண்வை" ஆகியவை ஒரே அலகு. ஆகவே அண்ணா சாலை வாக்கியத்தில் ஒரு குறிதான்.

துணைவினை: "எழுதித் தள்ளினான்", "கெட்டுப் போச்சு". இங்கே தள்ளுவதும் போவதும் இலக்கணமாகவே உறைந்துவிட்டன. உருவகக் குறி போடாமல் தனிக்குறி போடுங்கள், பிறகு வேண்டுமானால் சேர்த்தோ விட்டோ எண்ணலாம்.

வேற்றுமை உருபு: "கோபத்தில் கத்தினான்" என்பதில் கோபம் ஒரு கொள்கலம். ஆங்கிலத்தில் இந்த "இல்" தனிச்சொல், அதனால் அது கணக்கில் ஏறும். உருவகங்களை இப்படி எண்ணிய ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக் குழு ஆங்கிலத் தரவில் கல்வி எழுத்தில் சுமார் 18, செய்தியில் 16, பேச்சில் 8 சதவீதச் சொற்களை உருவகத் தொடர்புடையவையாகக் கண்டது. அதில் in, on போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் சதவீதம் குறைவாக வந்தால் "தமிழில் உருவகம் குறைவு" என்று எழுதிவிடாதீர்கள். உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் வரும் வேறுபாடு அது.

ஒத்துப்போதலை வெறும் சதவீதமாகச் சொல்லவும் வேண்டாம். 1000 சொல்லில் இருவரும் தலா 100 குறித்து, அதில் 70 பொது என்றால் ஒற்றுமை 94 சதவீதம். பெரிதாகத் தெரியும். ஆனால் குருட்டாம்போக்கில் குறித்தாலே 82 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயல் ஒற்றுமையைக் கழித்துச் சொல்லும் கப்பா மதிப்பு (94−82)/(100−82), அதாவது 0.67தான்.

கடற்கரை ரயில்:

கடைசிச் சொல் சிக்கலுக்கு வருகிறேன். வாக்கிய முடிவில் வாசகர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள நிற்பார், தமிழில் மட்டுமல்ல. தமிழில் வினை கடைசியில் நிற்பதால் அளக்க வேண்டிய சொல்லும் அங்கேயே போய் மாட்டிக்கொள்கிறது. அதை உள்ளே இழுங்கள்:

அந்த வேலை ஒரு சிறை என்று அவள் நேற்று தோழியிடம் சொன்னாள்.
அந்தக் கட்டடம் ஒரு சிறை என்று அவள் நேற்று தோழியிடம் சொன்னாள்.

அளக்கும் சொல் இரண்டிலும் ஒன்றே, மாறுவது எழுவாய் மட்டும். "சிறை" என்ற சொல்லையும் அடுத்த இரண்டு சொற்களையும் அளக்க வேண்டும். தாமதம் பெரும்பாலும் அடுத்த சொல்லில்தான் வழிந்து விழும். "சிறையென்று" என ஓரிடத்திலும் "சிறை என்று" என வேறிடத்திலும் எழுதினால் கணக்கு கெடும்.

வினை உருவகத்தைப் பெயரெச்சமாக்கினால் இன்னொரு பொறி உண்டு. "மூச்சுத் திணறும் நோயாளியை", "மூச்சுத் திணறும் சாலையை" என்னும்போது "திணறும்" வந்த பிறகும் வாசகருக்கு உருவகம் என்று தெரியாது. பெயர் வந்த பிறகே தெரியும். அப்போது அளக்க வேண்டியது பெயர், அது இரண்டிலும் வேறு. நீளத்தையும் பயன்பாட்டு அளவையும் சமன் செய்தாக வேண்டும்.

நீளத்தை எழுத்தால் எண்ணுங்கள், கணினிக் குறிகளால் அல்ல. "தமிழ்" மூன்றெழுத்து, ஆனால் யூனிகோடில் ஐந்து குறி. இன்னும் காட்டாத சொல்லை மறைக்கக் கோடு போடும் மென்பொருள் குறிகளை எண்ணினால் மறைப்பின் நீளமே தப்பாகும். எல்லாச் சொல்லுக்கும் ஒரே அளவு மறைப்பு வைப்பது பாதுகாப்பு.

இதெல்லாம் சரியானாலும் பழகியதையும் புதியதையும் கலந்தால் சராசரியில் எல்லாம் கரைந்துவிடும். உளவியலாளர்கள் பௌடலும் கெண்ட்னரும் 2005-இல் காட்டியது இது: புது உருவகம் ஒப்பீடாகப் புரிகிறது, அதனால் "போல" சேர்த்த வடிவம் விரைவாகப் புரியும், பழகியது ஒரு வகைப்பெயராகவே ஆகிவிடுவதால் "போல" இல்லாத வடிவம் விரைவு. மொழியியலாளர் கியோராவும் 1997-இலேயே, முதலில் மனத்தில் எழுவது நேர்ப்பொருளல்ல, பழகிய பொருள் என்று வாதிட்டார். ஆகவே ஆய்வில் கலந்துகொள்ளாத வேறு 20, 25 பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை பரிச்சய மதிப்பு வாங்குங்கள். உருவகம் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பு. இரண்டையும் ஒரே ஆளிடம் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று மற்றதை இழுக்கும். ஒருவர் ஒரே வாக்கியத்தின் இரண்டு வடிவத்தையும் பார்க்காதபடி லிஸ்ட் பிரிப்பதும் அவசியம்.

படிக்கும் நேரத்தில் வேறுபாடு வரவே இல்லையென்றால் ஆய்வு தோற்றதாக எண்ண வேண்டாம். க்ளக்ஸ்பர்க் குழுவின் 1982 முறை இருக்கிறது. "சில வேலைகள் சிறைகள்" போன்ற வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்பார்கள். பொய் என்று சொல்லத் தாமதமாகும், ஏனென்றால் கேட்காத உருவகப் பொருளும் தானாக எழுந்து குறுக்கே நிற்கிறது. அதே சொற்களைக் கலைத்துப் போட்ட பொருளற்ற வாக்கியங்களோடு ஒப்பிட்டால்தான் இது தெரியும்.

தரமணி வாசகர்:

மிக்க நன்றி இருவருக்கும். பழகியது, புதியது என்ற பிரிவை நான் வைக்கவே இல்லை. இன்னொன்று: ஆங்கிலத்தில் ஏற்கெனவே சோதித்த வாக்கியங்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா? காலம் பற்றிய அந்தப் புதன்கிழமைக் கூட்டம் கேள்வியும் பட்டியலில் இருக்கிறது.

சொற்பிரிப்பு:

அதை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் புதன்கிழமைக் கூட்டத்தை "இரண்டு நாள் முன்னே நகர்த்தினார்கள்" என்றால் திங்களா வெள்ளியா என்று இருபொருள் வரும், சோதனையின் உயிரே அதில்தான். தமிழில் "தள்ளி வைத்தார்கள்" என்றாலே வெள்ளி. "முன்கூட்டி வைத்தார்கள்" என்றால் திங்கள். மொழிபெயர்த்த கணத்தில் கேள்வி செத்துவிடுகிறது.

உவமவியல்:

நான்கு துறையும் ஒரே பொருளைப் பேசுகின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். வடிவத்தைப் பற்றி நம் இலக்கணம் வைத்திருக்கும் பிரிவுகள் உங்கள் சோதனைக்கு நேரடியாக உதவும்.

"தாமரைமுகம்" உவமைத்தொகை, "முகத்தாமரை" உருவகம். தண்டியலங்காரம் உவமைக்கும் பொருளுக்கும் "வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின்" உருவகம் என்கிறது. ஆனால் சோதனையில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலாவதில் உவமானம் முந்துகிறது, இரண்டாவதில் உவமேயம். இரண்டின் நேரத்தையும் ஒப்பிட்டால் அணியை ஒப்பிடுகிறீர்களா, வரிசையை ஒப்பிடுகிறீர்களா என்று சொல்ல முடியாது. கடற்கரை ரயில் சொன்ன "போல" சோதனைக்கும் இதே எச்சரிக்கை: "சிறை போல இருக்கிறது" என்றால் சொற்களின் இடமே மாறிவிடுகிறது.

அடுத்தது திணை. "காளை வந்தான்" என்று பாடப்புத்தகத்தில் படித்த உவமையாகுபெயரில் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. பேச்சில் "சிங்கம் கிளம்பிடுச்சு" என்று அஃறிணையை அப்படியே வைப்பார்கள். ஆங்கிலத்தில் இந்தக் குறிப்பே கிடையாது. வாக்கியத்தில் -ஆன், -ஆள் வந்தால் உருவகம் பாதி அவிழ்ந்துவிடும். எல்லா வாக்கியத்திலும் ஒரே முடிவைக் கடைப்பிடியுங்கள்.

உவமேயத்தைச் சொல்லாமலே விடும் வகையும் உண்டு. மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்ற 475-ஆம் குறளில் அரசனும் இல்லை, பகையும் இல்லை. இது பிறிதுமொழிதல். குறுந்தொகை 8-இன் தொடக்கத்தில் மாமரத்திலிருந்து தானே உதிரும் பழத்தை வாளை மீன் கவ்வுகிறது என்று நிலம் மட்டும் பேசப்படுகிறது. தலைவனும் பரத்தையும் கேட்பவர் மனத்தில்தான் சேர்கிறார்கள். உள்ளுறை என்கிறோம். "அ என்பது ஆ" என்ற வடிவத்தையே வைத்து நடக்கும் ஆய்வுகள் இந்த வகையைத் தொடவே மாட்டா. தமிழில் ஆய்வு செய்பவர் இதற்கு ஒரு சிறு பகுதியாவது ஒதுக்க வேண்டும் என்பது என் வலுவான கருத்து.

மாணவர்கள் எழுதியதை வகைப்படுத்தத் தொல்காப்பியத்தின் நான்கு உவமை வகைகளையே எடுக்கலாம்: வினை, பயன், மெய், உரு. புலிபோல் பாய்ந்தான் வினை, மாரிபோல் வழங்கும் கை பயன், துடியிடை மெய் என்னும் வடிவம், பொன்மேனி உரு என்னும் நிறம். கெண்ட்னர் பண்புப் பொருத்தம் (தோற்றம், நிறம் ஒத்திருப்பது), உறவுப் பொருத்தம் (செயலும் தொடர்பும் ஒத்திருப்பது) என்று பிரிப்பதில் மெய்யும் உருவும் பெரும்பாலும் முதலாவதில் சேரும், வினையும் பயனும் இரண்டாவதில். குழந்தைகள் முதலில் பண்பைப் பிடித்து, வளர வளர உறவுக்கு நகர்கிறார்கள் என்பது அவர் 1988-இல் காட்டியது.

அடையாறு வார்டு:

நரம்பியல் பக்கம் ஒரு எச்சரிக்கை. "உருவகம் வலது மூளையில்" என்ற வரியை அறிமுகத்தில் எழுதாதீர்கள். வின்னரும் கார்ட்னரும் 1977-இல் "கனத்த இதயம்" போன்ற தொடர்களுக்குப் படம் காட்டிக் கேட்டார்கள். மூளையின் வலப்பக்கம் பாதித்தவர்கள் பெரிய இதயத்தைச் சுமந்து தள்ளாடும் படத்தையும் எடுத்தார்கள், ஆனால் வாயால் பொருளைச் சரியாகச் சொன்னார்கள். இடப்பக்கம் பாதித்தவர்கள் சரியான படத்தை எடுத்தார்கள், விளக்கத் தடுமாறினார்கள். படத்தால் அளப்பதும் பேச்சால் அளப்பதும் வேறு வேறு திறன். பின்னால் 2004-இல் ராப் குழு எளிய சிறு வாக்கியங்களை வைத்து எடுத்த மூளை ஸ்கேனில் இடது பாதியின் முன்பகுதிதான் கூடுதலாக வேலை செய்தது.

பழமொழிக்குப் பொருள் கேட்கும் மனநலச் சோதனையும் இப்படித்தான். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதை ஆற்றோடு மட்டும் சேர்த்து விளக்கினால் சிந்தனைக் கோளாறு என்று முடிவுகட்ட முடியாது. படிப்பு, அந்தப் பழமொழியோடு பழக்கம் இரண்டையும் முதலில் விசாரிக்க வேண்டும். கேட்டுப் பழகியவர் நினைவிலிருந்து சொல்வார், கேட்காதவர் அங்கேயே யோசித்தாக வேண்டும்.

கடற்கரை ரயில்:

எழுதச் சொல்லும் பாதி விட்டுப்போனது. அங்கே வந்ததும் அதே சிக்கல்தான்: உங்கள் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததை நினைவுகூர்கிறார்கள், உருவாக்கவில்லை. சில்வியாவும் பீட்டியும் 2012-இல் புது உருவகம் படைப்பதைப் புதிர் அவிழ்க்கும் திறனோடு சேர்த்துக் காட்டினார்கள். பழகியதைச் சொல்வதற்கு அந்த அளவு அது தேவைப்படுவதில்லை, சொல்வளம் போதும்.

"ஓர் உவமை எழுதுக" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் பத்தாம் வகுப்பு வினாத்தாள் திறந்துகொள்ளும். நிலைமையை நீட்டிக் கொடுங்கள்: "மே மாதம் மதியம் இரண்டு மணி. கிண்டியில் சிக்னல் விழவில்லை, பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்தப் பத்து நிமிடம் ஒரு ______." கடைசிக் கோடு பெயர்ச்சொல்லாக இருக்கட்டும், "போல" என்று நீங்களே எழுதிவிட வேண்டாம். தொடங்கும் முன் "பாடப்புத்தகத்தில் உள்ள தொடர்கள் வேண்டாம்" என்று சொல்லி நான்கைந்தைக் காட்டலாம். ஆனால் நல்ல புது உருவகத்தை மாதிரியாகக் காட்டினால் எல்லோரும் அதையே திருப்பி எழுதுவார்கள். பேச்சுத்தமிழில் எழுதலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளைக் கண்டால் எழுத்துத்தமிழுக்குப் போவது பழக்கம், அதோடு சேர்ந்தே பழைய தொடர்களும் வந்துவிடும்.

ஒரு நிலைமைக்கு மூன்று நிமிடம், ஆளுக்கு ஆறு நிலைமை போதும், பிறகு சோர்வு வரும். மதிப்பிட மூன்று பேர், பெயர் மறைத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். முதல் சுற்றில் மனப்பாடத் தொடர்களை மட்டும் தனியே எடுங்கள், தூக்கி எறியாதீர்கள், அந்த எண்ணிக்கையும் ஒரு தரவு. மீதியைப் புதுமைக்கு ஒரு முறையும் பொருத்தத்துக்கு இன்னொரு முறையும் மதிப்பிடுங்கள். "அந்தப் பத்து நிமிடம் ஒரு செருப்பு" புதுமையில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிவிடும். பொருத்தம் கேட்டால்தான் அது வெறும் சொல் என்று தெரியும்.