நுவரெலியாவுக்கு உயரத் தடையாம்!

டிக்கோயாக்காரன்:
கண்டிச்சீமான் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2007 புட்போல் ஆசியக் கிண்ணத்தை இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் நான்கும் பங்கு போட்டு நடத்தின. அதேமாதிரி தெற்காசிய நாடுகள் சேர்ந்து என்றைக்காவது கேட்டால், நுவரெலியாவையும் ஒரு மைதானமாகப் போடச் சொல்லி நாம் குரல் கொடுக்க வேண்டும் என்று கொட்டகலை டீச்சர் எழுதினார். அதற்குச் சீமான் ஒரே வரியில், "உயரத்தில் இருக்கிற ஊர்களுக்கு உலகப் புட்போல் சம்மேளனமான ஃபிஃபாவின் தடை இருக்கிறது, கனவு காணாதீர்கள்" என்று முடித்துவிட்டார். ஐயா, நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். 2007 இல் போட்ட தடை 2,500 மீற்றருக்கு மேல். அடுத்த மாதமே அதை 3,000 ஆக்கி, 2008 இல் நிறுத்தியே வைத்துவிட்டார்கள். 1,868 எங்கே, 2,500 எங்கே?

கண்டிச்சீமான்:
சுற்றி வளைக்க வேண்டாம். தடை என்று ஒன்று இருந்ததா, இல்லையா?

டிக்கோயாக்காரன்:
பொலிவியாக்காரனுக்கு இருந்தது. அவர்களுடைய லா பாஸ் நகரம் 3,600 மீற்றர். அங்கேயும் மெட்ச் நின்றுவிடவில்லை. 2009 இல் மரடோனா பயிற்றுவித்த ஆர்ஜென்டினா அங்கே போய் 6-1 என்று அடி வாங்கிக்கொண்டு வந்தது. அதே மரடோனா அதற்கு முந்திய வருஷம் அந்தத் தடையை எதிர்த்து லா பாஸில் பந்து உதைத்தவர். நீங்கள் 1,868 க்கு மூச்சு வாங்குகிறீர்கள்.

கண்டிச்சீமான்:
இருந்தது என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி.

கொட்டகலை டீச்சர்:
2010 உலகக் கிண்ண இறுதிப்போட்டி நடந்த ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீற்றர். மெக்சிகோ சிட்டி 2,240. அங்கே 1970, 1986 என்று இரண்டு இறுதிப்போட்டிகள் நடந்திருக்கின்றன. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் சீமான்?

கண்டிச்சீமான்:
டீச்சர், ஜோகன்னஸ்பர்க்கில் தங்கம் எடுத்தார்கள். நுவரெலியாவில் லீக்ஸ் எடுக்கிறோம். கட்டத்தான் வேண்டும் என்றால் எங்கள் கண்டிப் பக்கம் பல்லேகலயில் ரெடியாக ஒன்று நிற்கிறது, 2011 உலகக் கிண்ணமே பார்த்த மைதானம்.

டிக்கோயாக்காரன்:
அது கிரிக்கெட் உலகக் கிண்ணம்! கிரிக்கெட் வட்டத்துக்குள் புட்போல் விளையாடினால் பார்க்கிறவனுக்கு பூதக்கண்ணாடி வேண்டும். இதற்குத்தானா இவ்வளவு நேரம் தடை, தடை என்றீர்கள்? கண்டிக்குக் கொண்டுபோகத்தான்.

பதுளைப்பையன்:
அண்ணன்மார் இரண்டு பேரும் மழையை மறந்துவிட்டீர்கள். ஜூன், ஜூலையில் ஹட்டன், நுவரெலியா பக்கம் தென்மேல் பருவமழை. மூடுபனியில் கோலியே எதிர் கோல் போஸ்டைப் பார்க்க முடியாது. அந்த மாதங்களில் எங்கள் பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் வெயில், கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். பதுளையில் வின்சன்ட் டயஸ் மைதானம் சும்மா கிடக்கிறது.

டிக்கோயாக்காரன்:
தம்பி, பதுளைக்கு ரயில் வந்து சேர்வதற்குள் இரண்டாம் பாதி முடிந்துவிடும்.

பதுளைப்பையன்:
ரயிலை வைத்து நக்கல் வேண்டாம் அண்ணே. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கம் மலை சரிந்து எத்தனை வீடு போனது என்று தெரியுமா? அந்த ரயில் பாதை என்ன ஆனது என்று தெரியுமா? பேச்சுக்கு ஒரு அளவு வேண்டும்.

டிக்கோயாக்காரன்:
அதைச் சொல்லவில்லை தம்பி. நான் சொல்வது 1,868.

நோர்வூட் அக்கா:
நீங்கள் எல்லாரும் மீற்றர் கணக்குப் பாருங்கள். வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்கு எத்தனை எலெக்ஷன் காத்திருந்தோம்? தோட்டத்தில் ஆயிரம் ரூபா நாள் சம்பளமே 2021 இல்தான் வந்தது. உலகக் கிண்ணம் என்றால் குறைந்தது 40,000 இருக்கை வேண்டுமாம். அந்த இடத்தில் லயத்து வரிசை அறைகளில் இருக்கிற எத்தனை குடும்பத்துக்கு வீடு கட்டலாம்?

டிக்கோயாக்காரன்:
அக்கா, உலகக் கிண்ணம் யார் கேட்டது? ஆசியக் கிண்ணம். 2017 இல் மோடி வந்தபோது உங்கள் நோர்வூட் கிரவுண்டில் ஒரே பகலில் எவ்வளவு சனம் நின்றது? அப்போது யாரும் இருக்கை எண்ணவில்லையே.

நோர்வூட் அக்கா:
அன்றைக்குக் கழிவறைக்கு எங்கே போனோம் என்று என்னிடம் கேள் தம்பி. மேடையில் இருந்தவர்களிடம் கேட்காதே.

ஹட்டன் கோலி:
டிக்கோயாக்காரன் சர்வதேசப் போட்டி நடத்தப் போகிறாரா? நல்லது. முதலில் அவர் நடத்தின தீபாவளிக் கிண்ணத்துக்கு எங்கள் டீம் கட்டின பணத்துக்குக் கணக்குச் சொல்லட்டும். வலைக்குப் பதிலாக தேயிலைக் கொழுந்து அள்ளுகிற பழைய சாக்கை இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். பந்து உள்ளே போனதா, ஓட்டை வழியாக வெளியே போனதா என்று ரெஃபரி சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அதில் கொடுத்த கோலால்தான் நாங்கள் அரையிறுதியில் வெளியே போனோம்.

டிக்கோயாக்காரன்:
பந்து உள்ளே போனது. ஊரே பார்த்தது. நீ மட்டும் பார்க்கவில்லை, ஏனென்றால் நீ படுத்திருந்தாய். பணத்தைச் செயலாளரிடம் கேள்.

ஹட்டன் கோலி:
செயலாளர் உங்கள் மச்சான்.

கண்டிச்சீமான்:
தடை பற்றி இன்னும் ஒன்று. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையையே தடை செய்தது. இதையும் இல்லை என்பீர்களா?

டிக்கோயாக்காரன்:
அது நம் புட்போல் சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையிட்டதற்கு! ஆகஸ்டில் எடுத்தும் விட்டார்கள். அதற்கும் நுவரெலியாவின் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? 1995 இல் இதே நாடு இந்தியாவை 1-0 என்று கவிழ்த்துத் தெற்காசியக் கிண்ணம் எடுத்தது. அதெல்லாம் உங்கள் கண்ணில் படாது.

கண்டிச்சீமான்:
தடை தடைதான். அம்பாந்தோட்டையும் இப்படித்தான் 2018 கொமன்வெல்த் விளையாட்டைக் கேட்டது. கோல்ட் கோஸ்டுக்கு 43 வாக்கு, நமக்கு 27. அன்றைக்கும் உங்களைமாதிரிப் பலர் கை தட்டினார்கள்.

டிக்கோயாக்காரன்:
27 பேர் அம்பாந்தோட்டைக்கே போட்டார்கள் என்றால், குளுகுளு என்று இருக்கிற நுவரெலியாவுக்கு எத்தனை பேர் போடுவார்கள்? 1,868. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை டீச்சர்:
சரி, அமைச்சுக்கும் சம்மேளனத்துக்கும் ஒரு கடிதம் எழுதலாம். மலையகத்துக் கழகங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டால் போதும். நான் வரைவு எழுதுகிறேன்.

பதுளைப்பையன்:
நகரத்தின் பெயரை இப்போதே எழுத வேண்டாம் டீச்சர். "மலையகத்தில் ஒரு மைதானம்" என்று மட்டும் போடுங்கள்.

டிக்கோயாக்காரன்:
நுவரெலியா என்று இல்லாத கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஹட்டன் கோலி:
அவர் கழகம் போட்டால் நாங்கள் போட மாட்டோம். அந்தப் பணம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

கண்டிச்சீமான்:
கடிதத்தில் பல்லேகல இருந்தால் சொல்லுங்கள், பேனா என்னுடையது.

டிக்கோயாக்காரன்:
பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் கோலி, அது கோல்தான்.