பாசிக்குள் பாஸ் மீன் பிடிக்க எந்தத் தூண்டில் நரம்பு?

கேள்வி:
பாசி அடர்ந்த ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்க, நடுத்தர விறைப்புள்ள தூண்டில் கோலில் நைலான் நரம்பைச் சுற்றி, பிளாஸ்டிக் புழுவை டெக்சாஸ் ரிக் முறையில் (முள்முனையைப் புழுவுக்குள் மறைத்து) கோத்து வீசுகிறேன். மீன் கடிப்பது தெரிகிறது. ஆனால் முள் ஆழமாகப் பதிவதில்லை. கோலை மாற்றுவதா, நரம்பை மாற்றுவதா?

மறுமொழி 1:
இரண்டையும் மாற்றுங்கள், ஆனால் முதலில் கோலை. டெக்சாஸ் ரிக்கில் முள்ளின் முனை புழுவின் உடலுக்குள் மறைந்திருப்பதால், அது முதலில் பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளிவந்து, அதன் பின்னரே மீனின் தாடையில் இறங்க வேண்டும். வளைந்துகொடுக்கும் கோலும் நீளக்கூடிய நைலானும் சேர்ந்தால் உங்கள் இழுப்பின் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிறது. விறைப்பு மிகுந்த, நுனி மட்டும் வளையும் கோலுடன் 50 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பைப் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் நீள்வதில்லை. பாசித் தண்டுகளையும் அறுத்துக்கொண்டு வரும்.

மறுமொழி 2:
கலங்கிய நீருக்கு இது சரி. தெளிந்த நீரில் பின்னல் நரம்பு மீனின் கண்ணுக்கு எளிதில் தெரியும் என்பதால், நான் ஃப்ளோரோகார்பன் நரம்பையே விரும்புகிறேன்; அதன் ஒளிவிலகல் எண் நீருக்கு நெருக்கமானது என்பதால் எளிதில் தெரியாது, நீரில் மூழ்கவும் செய்யும். நீர்மட்டத்தில் இழுக்கும் தவளை வடிவ இரைக்கு மட்டும், மிதக்கும் பின்னல் நரம்பே ஏற்றது.

கேள்வி கேட்டவர்:
நீர் கலங்கலானதுதான். இதே விறைப்பான கோல் கிராங்க்பெய்ட்டுக்கும் (இழுக்கும்போது நீருக்குள் ஆடி நீந்தும் செயற்கை இரை) போதுமா?

மறுமொழி 1:
போதாது. அதிலுள்ள சிறிய மும்முனை முட்கள் விறைப்பான கோலின் இழுப்பில் வாயைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். அதற்கு உங்கள் பழைய கோலே பொருத்தம்.