சீனி வருத்தம் உள்ள மகன் ஊசியை ஒளிக்கிறான், எரிந்து விழுகிறான். என்ன செய்யலாம்?

மல்லாவி அம்மா:
மகனுக்கு 12 வயது. முதலாம் வகை நீரிழிவு. சின்னனில் இன்சுலின் ஊசி என்றால் தானாகவே கையை நீட்டுவான். இப்போது மருந்துக் குப்பியைக் கண்டாலே கத்துகிறான். போட்டுவிட்டேன் என்பான், கூரைக் கிடுகுக்குள் பார்த்தால் மூடி கழற்றாத சிரிஞ்சுகள் செருகிக் கிடக்கின்றன. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில் தங்கச்சியின் கையில் இருந்த ஐஸ்பழத்தைத் தட்டிவிட்டு, "ஏன் எனக்கு மட்டும்?" என்று அழுதான். பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னம்தான் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறானாம். மாமி நூல் கட்டச் சொல்கிறார். இது வருத்தத்தால் வருகிற கோபமா, மனசில் ஏதாவதா?

வவுனியா தாதி:
அக்கா, இடைவேளைக்கு முன்னம் என்கிறீர்களே, அந்த நேரம் சீனி இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். மீற்றரில் 70க்குக் (mg/dL) கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சொக்கலேற் வேண்டாம், அதில் சீனி ஏறச் சுணங்கும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஊசியை விட்டதால் சத்தி, வயிற்றுக்குத்து, ஆழமான மூச்சு வந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிளிநொச்சிப் பிள்ளை:
அன்ரி, நானும் இதே வருத்தத்தோடு வளர்ந்தவள். எனக்கு ஊசி நோகவில்லை. "பாவம் பிள்ளை" என்று ஊர் முழுக்கப் பார்த்ததுதான் நொந்தது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி "சீனி எவ்வளவு?" என்பதுதான். கூடக் காட்டினால் பரீட்சையில் பெயில் விட்ட மாதிரி முகம் மாறும். அதனால்தான் நான் பொய் இலக்கம் எழுதத் தொடங்கினேன்.

பிறகு ஒரு டொக்டர் அம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு என்னோடு மட்டும் கதைத்தார். அதன்பிறகு ஊசி வயிற்றிலா தொடையிலா என்று நானே சொல்வேன், மருந்தை நானே இழுப்பேன், அம்மா அளவைச் சரிபார்ப்பா. முழுக்க அவனிடம் விட்டுவிடாதீர்கள், அந்த வயதில் அது பெரிய பாரம். ஐஸ்பழத்தையும் ஒரேயடியாக மறிக்க வேண்டாம். எவ்வளவு சாப்பிடலாம், அதற்கு மருந்து எவ்வளவு என்று டொக்டரிடம் அவனையே கேட்க விடுங்கள்.

துணுக்காய் அப்பா:
கிளினிக்கில் உளநல வைத்திய அதிகாரியிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் தங்கச்சி. பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை இருக்கிறது. நூல் கட்டினாலும் கட்டுங்கள், இன்சுலின் மட்டும் நிற்கக்கூடாது. "செத்தால் நல்லது" என்று எப்போதாவது சொன்னால் அன்றைக்கே ஆரிடமாவது கூட்டிப்போங்கள், 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

மல்லாவி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வியர்க்கிறது என்று ரீச்சரும் சொன்னவ, நான் விளையாட்டால் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சீனி பார்க்கிற மீற்றர் கொடுத்துவிட அதிபரிடம் கடிதம் ஏதும் வேண்டுமா?

வவுனியா தாதி:
கிளினிக் டொக்டரிடம் ஒன்று எழுதி வாங்குங்கள் அக்கா. சீனி இறங்கினால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வகுப்பு ரீச்சரிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.