மஸ்டாங் வாங்க ஆசை. தெரு வேகத்தடையும் கேட் சரிவும் விடுமா?

நீலாங்கரை கார்த்தி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர் ஒருவர் தன்னோட 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடியைக் கொடுக்கிறார். 5 லிட்டர் வி8, சிவப்பு. ஸ்கூல் படிக்கிற காலத்திலிருந்தே இந்த வண்டி மேல எனக்கு உயிர். விலை ஒத்து வருது, வண்டியும் சுத்தமா இருக்கு. தயங்க வைக்கிறது அதோட உயரம் மட்டும்தான்.

டேப் வச்சு அளந்தேன். யாரும் உட்காராதப்போ முன் பம்பருக்கு அடியில் இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் 13 செ.மீ. சொச்சம். இப்போ நான் ஓட்டுற ஸ்விஃப்டுக்கு 163 மி.மீ. அதுவே நாலு பேரோட போனா எங்க தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் லேசா உரசும்.

வீடு ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் இறங்குற சந்தில். வழியில் மூணு வேகத்தடை. ஒண்ணு தார்ல போட்டது, மத்த ரெண்டும் தெருக்காரங்களே சிமென்ட்ல போட்டது. ரோட்டு மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உசந்துடுச்சு, அதனால கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் சட்டுனு பள்ளத்தில் இறங்கணும். ஷெட்ல பூட்டி வைக்க எனக்கு இந்த வண்டி வேண்டாம். ஆபீசுக்கும் கடைக்கும் இதிலேயே போகணும். முடியுமா? ஸ்பிரிங்ல ஸ்பேசர் (உயரம் கூட்டுற கட்டை) வச்சுத் தூக்கிக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வேளச்சேரிவாசி:

தாழ்வான வண்டின்னா மேட்டை மட்டும் பார்க்காதீங்க, மழையையும் பாருங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க ஏரியா ஜனங்க காரையெல்லாம் மேம்பாலத்து மேல கொண்டுபோய் வரிசையா நிறுத்தினாங்க. உங்க வீடு ரோட்டை விடப் பள்ளம்னு நீங்களே சொல்றீங்க. இன்சூரன்ஸ் போடும்போது இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் கட்டாயம் சேருங்க. தண்ணி உள்ளே போன இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. தண்ணியில நின்ன வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க.

தாம்பரம் கான்ட்ராக்டர்:

கார்த்தி தம்பி, நானும் இதே மஸ்டாங்தான் வச்சிருக்கேன். தொழில் சிவில் கான்ட்ராக்ட், ரோடு வேலை நிறைய செய்திருக்கேன். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

எல்லோரும் காரை அளக்கிறாங்க. நீங்க முதல்ல தெருவை அளங்க. வேகத்தடை எத்தனை செ.மீ. உயரம் என்பதை விட என்ன வடிவம் என்பதுதான் முக்கியம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தன்னோட ஐஆர்சி 99 வழிகாட்டியில் வளைவான வேகத்தடைக்கு அளவு கொடுத்திருக்கு: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆர வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டுறதுக்கான அளவு அது. மஸ்டாங்கின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 2.72 மீட்டர். வண்டி அந்த மேட்டின் நடு உச்சியில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டு மேலேயேதான் இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுப் பக்கம் நமக்குக் குறையுறது ஐந்தரை செ.மீ.தான். மூக்குக்கு ஏழு செ.மீ. போல வரும். ரெண்டு பேர் உட்கார்ந்து வண்டி இறங்கி 11 செ.மீ. ஆனாலும் தாராளமாப் போகும். முறையாப் போட்ட வேகத்தடை நம்ம மாதிரி வண்டிக்குப் பகை கிடையாது.

தெருக்காரங்க போடுறது வேற. ரெண்டு சட்டி கலவையை ரோட்டுக்குக் குறுக்கே கொட்டிக் கரண்டியால் இழுத்து விட்டிருப்பாங்க. அகலம் ரெண்டு அடிகூட இருக்காது. நம்ம வண்டியின் மூக்கு முன் சக்கரத்தைத் தாண்டி முக்கால் மீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கு. அதனால சக்கரம் மேட்டில் ஏறுறதுக்கு முன்னாடியே மூக்கு உச்சிக்கு வந்துடும். அப்போ மேட்டின் முழு உயரத்தையும் மூக்கே தாங்கணும். முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கின பிறகு இதே கதை வயிற்றுக்கு.

அளக்கிற விதம்: கொத்தனார்கிட்ட இருக்கிற, மேட்டோட அகலத்தை விட நீளமான அலுமினிய மட்டக்கோலை வாங்கிக்கோங்க. மேட்டின் உச்சியில் வச்சு மேலே ரசமட்டத்தை வைங்க. குமிழி நடுவுக்கு வந்ததும் கோலின் ரெண்டு முனையிலும் ரோடு வரைக்கும் எவ்வளவுன்னு பாருங்க. தெரு சரிஞ்சிருந்தா ரெண்டும் வேற வேற வரும், கூட்டிப் பாதியாக்கினால் உயரம் கிடைக்கும். மேடு எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு சாக்பீஸால் கோடு போட்டு அகலத்தையும் எடுங்க. கேட் சரிவுக்கும் இதே முறைதான், எத்தனை அடி நீளத்தில் எவ்வளவு இறங்குதுன்னு எழுதிப் போடுங்க.

தாண்டும்போது பிரேக்கை மேட்டுக்கு முன்னாடியே முடிச்சுடணும். மேட்டு மேல பிரேக் மிதிச்சா மூக்கு இன்னும் குனியும். அகலமான ரோடுன்னா கோணலா, ஒவ்வொரு சக்கரமா ஏத்துங்க. ஒரு சக்கரம் மேட்டில் நிற்கும்போது வண்டி ஒரு பக்கம் தூக்கியே இருக்கும், வயிறு தப்பிக்கும். சந்தில் அதுக்கு இடம் இருக்காது, எதிரில் வர்ற டூவீலர்காரருக்கும் ஆபத்து. அங்கே கூட வர்றவங்களை இறக்கி நடக்கச் சொல்லிட்டு நேராவே மெதுவாப் போங்க.

ஸ்பேசர் என் வரையில் வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. நாளைக்கு ஒரு கிளெய்ம்னு போகும்போது அது கேள்வியா வந்து நிற்கும். ஸ்பேசரில் கிடைக்கிற ஒன்றரை செ.மீ.க்காக அந்தத் தலைவலி எதுக்கு?

கோவை டிராக்காரன்:

கான்ட்ராக்டர் சார் சொன்ன கடைசி விஷயத்தில் மெக்கானிக் பக்கத்துக் காரணமும் உண்டு. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்த அமைப்பு. மேலே ஸ்பேசர் செருகினால் கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ஞ்சிருக்கிற கோணம்), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம்) ரெண்டும் மாறும், ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயர் ஒரு ஓரமாத் தேய்ஞ்சுடும். இந்த வண்டியோட பெருமையே அது திரும்புற விதம்தான், அதைக் கெடுத்துக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி வண்டியை லிஃப்டில் ஏத்தி அடியைப் பாருங்க. முன் விளிம்பு பிளாஸ்டிக்கில் கீறல் இருந்தா பரவாயில்லை, அது வளைஞ்சு கொடுக்கும், முதல் உரசலை அதுதான் வாங்கும். கிளிப் கழண்டு தொங்குதான்னு மட்டும் பார்த்தா போதும். ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்குற தொட்டி), எக்ஸாஸ்ட் குழாய், சப்ஃபிரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்குற சட்டம்) இதில் எதிலாவது நசுங்கல் இருந்தா யோசிங்க. வண்டியே முழுசா இறக்குமதியானது, 2021-ல் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துற முடிவையும் எடுத்தாச்சு. அடிப்பாகத்துப் பொருள் ஒண்ணு உடைஞ்சா வெளிநாட்டிலிருந்து வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

ஓட்டும்போது அடியில் பலமா சத்தம் கேட்டா "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு விடாதீங்க. ஓரமா நிறுத்திக் குனிஞ்சு பாருங்க. ஆயில் சொட்டினாலோ ஆயில் விளக்கு எரிஞ்சாலோ அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடுங்க. சம்ப் ஓட்டையை அடைச்சுடலாம், ஆயில் இல்லாம ஓடின இன்ஜினை ஒண்ணும் செய்ய முடியாது.

நீலாங்கரை கார்த்தி:

ரொம்ப நன்றி. பக்கத்துத் தெரு கொத்தனார் அண்ணனே மட்டக்கோலோட வந்துட்டார். தார் மேடு 9 செ.மீ., அகலம் மூணு மீட்டருக்கு மேல, நல்ல வளைவு. சிமென்ட் மேடு ஒண்ணு 8 செ.மீ., இன்னொண்ணு 12 செ.மீ. உயரம், 55 செ.மீ. அகலம், பால்வாடி வாசலுக்கு நேரா இருக்கு. கேட் சரிவு 1.2 மீட்டர் நீளத்தில் 25 செ.மீ. இறங்குது.

தாம்பரம் கான்ட்ராக்டர்:

அளவு எடுத்தாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது தம்பி. தார் மேட்டை மறந்துடுங்க. 8 செ.மீ. மேடு மெதுவாப் போனா தாண்டும். 12 செ.மீ. கண்டிப்பா அடிக்கும்.

அதை உடைக்கச் சொல்லி மட்டும் புகார் கொடுக்காதீங்க. பால்வாடிப் பிள்ளைங்க ரோட்டைத் தாண்டுற இடம், யாரோ பயந்துபோய்த்தான் போட்டிருப்பாங்க. மாநகராட்சி புகார் எண் 1913-க்குப் போன் பண்ணி, முறையான அளவில், வெள்ளைப் பட்டையும் எச்சரிக்கைப் பலகையும் வச்சுப் புதுசாப் போட்டுக் கொடுங்கன்னு கேளுங்க. பால்வாடி டீச்சரையும் கூட வச்சுக்கிட்டு கவுன்சிலரைப் பாருங்க. ஆட்டோக்காரருக்கும் ஆம்புலன்சுக்கும் முதுகுவலி உள்ளவங்களுக்கும் அந்த மேடு கொடுமைதான். அது மாறுற வரைக்கும் வேற சந்து வழியா வர முடியுமான்னு பாருங்க.

கேட் சரிவு ஏறக்குறைய 5-க்கு 1, அதாவது 12 டிகிரி. மேல் விளிம்பில் நம்ம வயிறு தாங்குறது 9 டிகிரி. கீழே தரை தொடங்குற இடத்தில் மூக்குக்கு ஏழரைதான். அதனால 10-க்கு 1 வேணும். அதே 25 செ.மீ. இறக்கத்தை கேட்டிலிருந்து உள்ளே இரண்டரை மீட்டர் வரைக்கும் நீட்டிடுங்க. மேலேயும் கீழேயும் முனை தெரியாம ஒரு அடிக்கு உருட்டி விடச் சொல்லுங்க. முடியுற இடத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால் எடுத்து மேலே இரும்பு ஜாலி போடுங்க, தெருத் தண்ணி வீட்டுக்குள்ள வராது. மேல்பரப்பை வழவழன்னு தேய்க்க விடாதீங்க, துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தாதான் மழையில் சக்கரம் பிடிக்கும். குறைஞ்சது ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வைங்க, 28 நாள் வரைக்கும் வண்டியை ஏத்த வேண்டாம். அதுக்குள்ள வண்டி கைக்கு வந்துட்டா தெருவில் அகலமான இடமாப் பார்த்து கவர் போட்டு நிறுத்திக்கோங்க.