டீடூப் டிரைவில் அழித்த இடம் திரும்ப வரவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் சர்வர் 2019, 4 டிபி ஈ டிரைவ், டீடூப் (ஒரே மாதிரி டேட்டாவை ஒருமுறை மட்டும் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும் வசதி) போட்டிருக்கிறோம். போன வாரம் 900 ஜிபி பழைய பேக்கப்பை அழித்தேன். காலி இடம் கொஞ்சம்கூட ஏறவில்லை. ஃபைலை அழித்தாலும் அதன் துண்டுகள் சங்க் ஸ்டோரில் (டீடூப் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம்) தங்கிவிடும், கார்பேஜ் கலெக்‌ஷன் (எந்த ஃபைலுக்கும் தேவைப்படாத துண்டுகளை நீக்கும் வேலை) ஓடினால்தான் இடம் விடுபடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சரி என்று பவர்ஷெல்லில் ஸ்டார்ட்-டீடூப்ஜாப் கொடுத்து, டைப்பில் கார்பேஜ்கலெக்‌ஷன் போட்டு, ஃபுல் என்பதையும் சேர்த்தேன். கெட்-டீடூப்ஜாப்பில் பார்த்தால் நேற்று இரவிலிருந்து க்யூவிலேயே நிற்கிறது. அதற்கு முன்னால் ஆப்டிமைசேஷன் (ஃபைல்களை டீடூப் செய்யும் வேலை) 38 சதவீதத்தில் ஓடுகிறது.

அந்த ஆப்டிமைசேஷனை ஸ்டாப்-டீடூப்ஜாப் கொடுத்து நிறுத்தலாமா? பாதியில் நிறுத்தினால் டேட்டாவுக்கு ஆபத்து உண்டா? எல்லாம் அலுவலகக் கணக்கு ஃபைல்கள், கை வைக்கவே பயமாக இருக்கிறது. டிரைவில் 60 ஜிபிதான் மிச்சம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.