டாஷண்ட் பூனையைத் துரத்துது, ரெண்டையும் ஒரே வீட்டில எப்பிடி வைச்சிருக்கிறது?

பாலைப்பழம் (கிளிநொச்சி):

வணக்கம். வீட்டில 4 வயசுப் பெட்டைப் பூனை ஒண்டு இருக்கு. நெல்லு மூட்டை அடுக்கின அறைக்கு அதுதான் காவல். இப்ப 11 மாசக் கடுவன் டாஷண்ட் (குட்டைக்கால், நீள முதுகு நாய்) ஒண்டும் வந்திருக்கு, 8 கிலோ. முந்தி இருந்த இடத்தில பூனையே இல்லையாம்.

வீட்டுத்திட்ட வீடு: ரெண்டு அறை, ஹோல், குசினி, முன்னால விறாந்தை. பகல் முழுக்கக் கதவு திறந்துதான் கிடக்கும். பூனை அசையாமல் இருந்தால் நாய் பார்த்துக்கொண்டு நிற்கும். பூனை ஓட வெளிக்கிட்டால் உடன துரத்தும். அந்த நேரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. பூனை இப்ப நெல்லு அறைப் பக்கம் வாறதே குறைவு, எலி கூடிட்டுது.

இந்த வயசில பழக்கலாமோ? அறை வாசலுக்கு ஒரு வலைக் கதவு போட்டு, பூனை மட்டும் போற மாதிரிக் கீழ இடைவெளி விட யோசிக்கிறம். சரிவருமோ?

வீரைமரம் (மல்லாவி):

பழக்கலாம். நாய்க்குப் பூனையில கோபம் ஒண்டும் இல்லை. டாஷண்ட் ஜெர்மனியில பட்ஜர் எண்ட மிருகத்தை அதின்ர வளைக்குள்ளேயே போய் மறிக்க எண்டு உருவாக்கின இனம். வேட்டை ஒரு ஒழுங்கில வரும்: மணம் பிடிக்கிறது, உத்துப் பார்க்கிறது, பதுங்கிறது, துரத்திறது, கவ்விறது, உலுப்பிறது. துரத்தத் தொடங்கின நாய்க்கு உங்கட குரல் காதில ஏறாது. நீங்கள் வேலை செய்ய வேண்டியது உத்துப் பார்க்கிற அந்த ஒண்டு ரெண்டு செக்கனில. வடிவாக் கவனிச்சால் தெரியும்: திறந்திருந்த வாய் டக்கெண்டு மூடும், காது முன்னுக்கு வரும், உடம்பு விறைக்கும், சில நேரம் ஒரு முன்னங்கால் தூக்கும். வால் ஆடினாலும் அதைச் சந்தோஷம் எண்டு எடுக்காதேங்கோ.

துரத்தி ஓடுறதே அதுக்குப் பெரிய பரிசு. பத்து நாள் பழக்கினதை ஒரு நல்ல துரத்தல் அழிச்சுப் போடும். அதால பழக்கிற காலத்தில நாய் பட்டியில, இல்லாட்டி பூனை வலைக்கு அங்கால. இதில மட்டும் விட்டுக்குடுக்க ஏலாது.

கீழ இடைவெளி விடுறது பெரிய நாய்க்குச் சரி, டாஷண்டுக்குப் பிழை. பூனை நுழையிற ஓட்டைக்குள்ள அதுவும் தலையைக் குடுத்து நெஞ்சை ஒடுக்கிப் போகப் பார்க்கும், போகாட்டி இடையில சிக்கும். 4 அடி உயரத்துக்கு மரச் சட்டம் அடிச்சு, அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் பண்ணின வலை போடுங்கோ. கோழி வலை மெல்லிசு, கடிச்சு வளைச்சுப்போடும். அடிப்பக்கம் நிலத்தோட ஒட்டி நிற்க வேணும். பூனைக்குப் பாதை மேலால: தரையில இருந்து 3 அடி உயரத்தில 7 அங்குலச் சதுர ஓட்டை ஒண்டு, ரெண்டு பக்கமும் கால் வைக்க ஒவ்வொரு பலகை. பூனை ஒரே பாய்ச்சலில ஏறும், நாயால ஏலாது. முதல் கொஞ்ச நாளைக்கு வலையில சாக்கு கட்டி மறைச்சு விடுங்கோ, ஒண்டை ஒண்டு பார்க்கத் தேவையில்லை.

அந்த நாளில மணத்தை மட்டும் பழக்கிறது. பழைய துவாய்த் துண்டால பூனையின்ர கன்னத்தையும் கழுத்தையும் தடவி, அந்தத் துண்டை நாயின்ர சாப்பாட்டுக் கோப்பைக்கு 2 அடி தள்ளிப் போடுங்கோ. நாயைத் துடைச்சது பூனை படுக்கிற பக்கம் போகட்டும். நாய் துண்டை ஒருக்கா மணந்துபோட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் அடுத்த படிக்குப் போகலாம். துண்டைக் கவ்வி உலுப்பினால் இன்னும் தள்ளி வையுங்கோ.

பிறகுதான் கண்ணால பார்க்கிறது. உங்கட ஹோல் இதுக்குக் காணாது. நாயை முத்தத்தில, பூனையை விறாந்தைக்கு உள்ள யன்னல் கட்டில வைச்சுத் தொடங்குங்கோ, 5 அல்லது 6 மீற்றர் தூரம். கழுத்துப் பட்டி வேண்டாம், நெஞ்சுப் பட்டி போட்டு 2 மீற்றர்க் கயிறு. இந்த இனத்துக்கு முதுகுத்தண்டுத் தட்டு விலகிற வருத்தம் மற்ற இனங்களை விடக் கூட, கழுத்தில வெட்டி இழுத்தால் அங்கயும் பாதிக்கும். அவிச்ச கோழி ஈரலைக் கடலையளவு துண்டு துண்டா வெட்டிக் கையில வைச்சிருங்கோ. உப்புப் போட்ட கருவாடு கூடாது. நாய் பூனையைப் பார்த்ததும் பேசாமல் நில்லுங்கோ. கண்ணை எடுத்து உங்களைப் பார்த்த அந்தக் கணமே "சரி" எண்டு சொல்லி ஈரலைக் குடுங்கோ. சொல் முந்த வேணும், ஈரல் பிந்த வேணும்.

ஈரலை மூக்கடியில நீட்டியும் தின்னாட்டி நீங்கள் கிட்ட நிக்கிறியள் எண்டு அர்த்தம். ரெண்டு மீற்றர் பின்னுக்குப் போங்கோ. ஒரு தரத்துக்கு 5 நிமிசம் காணும், நாளுக்கு ரெண்டு மூண்டு தரம். விடியக் காலமை நடத்திக்கொண்டு வந்த பிறகு நல்லது. மத்தியான வெக்கையில ரெண்டுக்கும் பொறுமை இராது. ஒவ்வொரு மீற்றராக் குறைச்சு வலைக்குக் கிட்ட வாங்கோ, பிறகு ஹோலுக்குள்ள. வலை இல்லாமல் ஒரே அறையில இருக்கிற கட்டத்துக்கு வந்தாலும், நெஞ்சுப் பட்டியில ஒரு மெல்லிய கயிறு நிலத்தில இழுபடட்டும். ஓட வெளிக்கிட்டால் கயிறை மிதிச்சால் போதும். ஆள் பார்த்துக்கொண்டு நிக்கேக்க மட்டும் கயிறு, தனிய விட்டால் கழட்டிப் போடுங்கோ, எதிலயும் சுத்திக்கொள்ளும்.

சிலது ஒரு மாசத்துக்குள்ள வரும், சிலதுக்கு அரை வருசமும் செல்லும்.

ஒட்டங்குளம் (ஒட்டுசுட்டான்):

இவ்வளவு பாடு தேவையோ? ரெண்டையும் ஒரு அறையில விடுங்கோ. பூனை மூக்கில ஒருக்காப் பிறாண்டிச்செண்டால் நாய் பிறகு கிட்டப் போகாது. ஊர் நாயள் எல்லாம் அப்பிடித்தானே பழகுது.

கருங்காலி (வவுனியா):

அண்ணை, ஊர் நாய் பழகுவது பிறாண்டல் வாங்கியதால் அல்ல. குட்டியாக இருக்கும்போதே அதே வளவில் பூனையைப் பார்த்து வளர்கிறது. நாய்க்குட்டி 3 கிழமையிலிருந்து 14 கிழமை வரை காண்பதைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். பூனைக்குட்டிக்கு அந்தக் காலம் இன்னும் குறுகியது, 2 கிழமையிலிருந்து 7 கிழமை வரை. இந்த நாய் அந்தக் காலத்தைத் தாண்டி வந்துவிட்டது.

அத்தோடு, திருப்பிக் கடிக்கும் மிருகத்தின் முன்னால் பின்வாங்காத நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உண்டாக்கிய இனம் இது. பிறாண்டல் பட்டால் பல டாஷண்டுகள் இன்னும் மூர்க்கமாகப் பாயும். குட்டைக்கால் நாயின் முகம் பூனையின் கைக்கு நேர் உயரத்தில் இருக்கிறது, நகம் போவது மூக்குக்கு மட்டும் அல்ல, கண்ணுக்கும்தான். கருவிழியில் கீறல் விழுந்தால் நாய் அந்தக் கண்ணை மூடியபடியே இருக்கும், நீர் வடியும், வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய கண்மருந்தை விட்டுப் பார்ப்பது ஆபத்து: ஸ்டீரொயிட் கலந்த துளிமருந்து கருவிழிப் புண்ணை ஆழமாக்கும், கண் போகவும் கூடும்.

பூனைக்கும் அந்த அறை ஒரு பொறிதான். 8 கிலோ நாய் கவ்வி இரண்டு தரம் உலுப்பினால் போதும். தப்பினால் வளவை விட்டே போய்விடும்.

பாலைப்பழம் (கிளிநொச்சி):

ரெண்டு பேருக்கும் நன்றி. வலைக் கதவு மேல் ஓட்டையோட அடிப்பம். இன்னும் மூண்டு விசயம். நெல்லு அறைக்குள்ள நாய் எப்பிடியும் ஒரு நாள் போகும், அங்க என்ன கவனிக்க வேணும்? முத்தத்தில ரெண்டும் திரியேக்க என்ன செய்யிறது? நாய்க்கு உண்ணி கூட, மருந்து தண்ணியில கலந்து கழுவுறம். அதால பூனைக்கு ஏதும் வருமோ?

வீரைமரம் (மல்லாவி):

நெல்லு அறையில பெரிய பிழை மூட்டைக்குக் கீழதான். ஈரம் ஏறாமல் இருக்க எல்லாரும் பலகை போட்டுத்தான் அடுக்குறது. அந்தப் பலகைக்குக் கீழ உள்ள நாலஞ்சு அங்குல இடைவெளி டாஷண்டுக்கு ஒரு வளை. எலி மணமும் அங்கதான். நாய் வயித்தால ஊர்ந்து உள்ள போகும், பூனை பயத்தில அங்க ஒளிச்சிருந்தால் வெளிய வர வழியும் இராது. மூட்டைக்கு நாலு பக்கமும் இடைவெளியை வலைத் துண்டால அடைச்சு விடுங்கோ, காத்து போகும், நாய் போகாது. உள்ள ஏதோ சரசரக்குதெண்டு கை விட்டுப் பார்க்காதேங்கோ, விரியன் கிடக்கிற இடமும் அதுதான்.

மூட்டையைப் படி படியா அடுக்கினால் அதுவே நாய்க்கு ஏணி. முன்பக்கம் நேர்ச் சுவர் மாதிரி 4 அடிக்கு வரட்டும். காலபோக அறுவடை முடிஞ்சு மூட்டை நிரம்பேக்க பரவாயில்லை. குத்திக் குத்தி எடுக்க அடுக்குக் குறையேக்கதான் படி உண்டாகும், அந்த மாசங்களில ஒருக்காப் பாருங்கோ.

எலிப் பாசாணம் அந்த அறையில வேண்டவே வேண்டாம். இந்த நாய் கிண்டி எடுத்துத் தின்னும், பூனை மயங்கின எலியைப் பிடிக்கும்.

பூனைக்குச் சுவரில 10 அங்குல அகலப் பலகை 5 அடி உயரத்தில அடியுங்கோ. ஒரு பலகை மட்டும் போட்டால் பூனை ஏறும், நாய் கீழ காவல் நிற்கும், பூனையால இறங்க ஏலாது. அதால ரெண்டாவது பலகை, அங்கயிருந்து யன்னலுக்கோ வலைக் கதவு ஓட்டைக்கோ வழி இருக்க வேணும். தகரக் கூரை எண்டால் பலகையைக் கூரைக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. மத்தியானத்தில அந்த உயரத்தில பூனை நிற்காது, இறங்கி வரும், துரத்தலும் அப்பதான் நடக்கும்.

முத்தத்தில ரெண்டையும் சேர்த்து விடுறது கடைசிக் கட்டம். வீட்டுக்குள்ள பழகின நாயும் வெளியில துரத்தும், திறந்த வெளியில பூனை ஓடுற வேகம் வேற. அதுவரை நேரம் பிரிச்சு விடுங்கோ: நாய்க்குக் காலமையும் பின்னேரமும், பூனைக்கு இரவில நெல்லு அறை. நாயின்ர வேட்டைப் புத்திக்கும் ஒரு வேலை குடுக்க வேணும். வேலியோரமா 3 அடிச் சதுரத்தில ஒரு குழி, உள்ள ஆத்து மண், அதுக்குள்ள சாப்பாட்டில ஒரு பங்கை ஒளிச்சு வையுங்கோ. கிண்டி மோப்பம் பிடிச்சுக் களைச்ச நாய் பூனையை விட்டுப் படுக்கும். வேலிக்குக் கீழ கிண்டிப் போகாமல் இருக்க வலையை ஒரு அடி ஆழத்துக்குத் தாழ்த்து விடுங்கோ.

கருங்காலி (வவுனியா):

மருந்து விசயம்தான் இதில் மிக அவசரமானது. நாய் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளவை பூனைக்கு நஞ்சு. முதுகில் விடும் துளி, பவுடர், ஷம்பூ என எந்த வடிவிலும் வரும். பூனையின் ஈரல் அதைச் சரிவர உடைத்து வெளியேற்றாது. மருந்து போட்ட நாயோடு உரசினாலோ நக்கினாலோ கூட நடுக்கமும் வலிப்பும் வரலாம். நீங்கள் தண்ணீரில் கலப்பது அமிட்ராஸாக இருக்கக்கூடும், அதுவும் பூனைக்கு ஆகாது. போத்தல் லேபிளைப் பாருங்கள். பூனை இருக்கும் வீடு என்று மிருக வைத்தியரிடம் சொல்லி, இரண்டுக்கும் பொருந்துகிற மருந்தாக மாற்றுவதே நல்லது. அதுவரை மருந்து போட்ட நாயைக் குறைந்தது 3 நாள் பூனையோடு சேரவிடாதீர்கள், கழுவிய தண்ணீர் முற்றத்தில் தேங்கி நிற்கவும் கூடாது. பூனையில் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் கோப்பை கழுவும் திரவம் போட்டுக் கழுவி, துவட்டி, உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். காய்ச்சல், நோ என்று பனடோலும் கொடுக்காதீர்கள், ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

பூனையின் சாப்பாட்டை உயரப் பலகையில் வையுங்கள். புரதமும் கொழுப்பும் கூடிய பூனைச் சாப்பாட்டை நாய் தின்றால் உடம்பு வைக்கும், அந்த நீள முதுகுக்கு ஒவ்வொரு கூடுதல் கிலோவும் கேடு. நாய்ச் சாப்பாட்டில் பூனையை வளர்க்கவும் முடியாது, பூனைக்கு வேண்டிய டோரின் என்ற சத்துக் காணாமல் இதயமும் கண்ணும் பழுதாகும். வலைக்கு உள்ளே பூனைக்கு ஒரு பேசின் மண்ணோ உமியோ வைத்தால் அதையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள், பீயைத் தின்றால் புழு வரும். பயந்த பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம், ஈரல் பாதிக்கப்படும்.

பூனைக்குக் கருத்தடை செய்யாவிட்டால் செய்துவிடுங்கள். குட்டி போட்ட பூனை தானே நாய்மேல் பாயும், பூனைக்குட்டிகளோ இந்த நாய்க்கு எலிதான். விசர்நாய்த் தடுப்பூசி இரண்டுக்கும் வருடா வருடம் போட வேண்டும், பூனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிக்கப்போய் உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரிக்கும்போது கையை நடுவில் விடாமல், தடித்த சாக்கையோ பலகைத் துண்டையோ இடையில் செருகுங்கள்.

வலையின் முன்னால் நாய் இரண்டு காலில் எழும்பி எழும்பிக் குதிக்க விடக்கூடாது. பின்னங்கால் தள்ளாடினாலோ, முதுகைக் கூனினாலோ, தூக்கும்போது கத்தினாலோ அன்றைக்கே பயிற்சியை நிறுத்திக் கூட்டில் அடைத்து ஆறுதல் கொடுத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். தூக்குவதானால் ஒரு கை நெஞ்சின் கீழ், மற்றக் கை பின்பக்கத்தின் கீழ், முதுகு நேராக.

பாலைப்பழம் (கிளிநொச்சி):

போத்தலைப் பார்த்தன், அமிட்ராஸ் எண்டுதான் கிடக்கு. நாளைக்கு வைத்தியரிட்டக் கேட்டு மாத்துறம். மூட்டைக்குக் கீழ வலை அடைக்கேக்க எலி வெளிய வர வழி விட வேணுமோ?

வீரைமரம் (மல்லாவி):

ஓம், விட வேணும். சுவர்ப் பக்கம் ஒரு மூலையில 3 அங்குல வாசல் விடுங்கோ, அதுக்கு நேர மேல பூனைப் பலகை வரட்டும். பூனை அதில இருந்து பார்த்துக்கொண்டிருந்து பிடிக்கும். நாயின்ர தலை 3 அங்குலத்துக்குள்ள போகாது, ஆனா கிண்டிப் பெருப்பிக்கப் பார்க்கும், அந்த மூலையில நிலத்துக்குச் சீமெந்து பூசி விடுங்கோ.