சர்ச்சுக்குள்ள ராப்: ஊழியமா, ஷோவா?

ஜெபராஜ்_நெல்லை: போன ஞாயிறு வாலிபர் கூட்டத்துல ஒரு தம்பி லெக்ரேன்னு ஒரு அமெரிக்க கிறிஸ்தவ ராப் பாடகரோட பாட்டை ஸ்பீக்கர்ல போட்டான், ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது, இயேசுங்கற பேரு காதுல விழவே ஒரு நிமிஷம் ஆச்சு. கேட்டா அமெரிக்கால இது பெரிய ஊழியமாம். கிராமி இசை விருது வாங்குறதெல்லாம் ஊழியமாய்யா?

பீட்_பாஸ்கா: அண்ணே ஆள் யாருன்னு தெரிஞ்சுட்டு பேசுங்க. லெக்ரே முதல்ல ராப் பண்ணிட்டு சாட்சி சொன்னது டெக்சாஸ்ல சின்னப் பசங்களை அடைச்சு வச்சிருக்கற சீர்திருத்தப் பள்ளியில, அங்க பசங்க கேட்ட விதத்தைப் பாத்துதான் இதுல இறங்கி 2004ல நண்பரோட சேந்து ரீச் ரெக்கார்ட்ஸ்னு பாட்டு கம்பெனி ஆரம்பிச்சாரு. அவங்க குரூப் பேரு 116, ரோமர் 1:16, "சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்". இதுல ஷோ எங்க இருக்கு?

மோசஸ்_77: வசனம் சரி தம்பி. அந்த இசை துப்பாக்கி, போதைன்னு இருந்த எடத்துலருந்து வந்தது, வாடை போகுமா? 2013ல அங்கயே ஒரு மாநாட்டு மேடையில உக்காந்து சபைப் பெரியவங்க இதைக் கிழிச்சாங்களே.

பீட்_பாஸ்கா: கிழிச்சாங்க, ராப் பண்றவங்களைக் கோழைங்கன்னு கூட ஒருத்தர் சொன்னாரு, எதிர்ப்பு கிளம்பினதும் சிலர் மன்னிப்பு கேட்டாங்க, அதையும் சேத்து சொல்லுங்க. வாடைன்னா நம்ம பறையையும் சாவு மேளம்னு வாசல்லயே நிறுத்துனவங்கதான நாம? மதுரை இறையியல் கல்லூரியில ஆசிரியரா இருந்த தியோபிலஸ் அப்பாவு அதை ஆராதனைக்குள்ள கொண்டு வரலியா?

ஸ்டெல்லா_டீச்சர்: ரெண்டு பேரும் பாட்டைப் பத்தியே பேசுறீங்க, கேட்டது யாருன்னு பாக்கலியே. 2014ல லெக்ரே ஆல்பம் அமெரிக்க ஆல்பம் பட்டியல் பில்போர்ட் 200ல முதலிடம், வாங்குனதுல வெள்ளைக்கார சர்ச் பசங்க ஏராளம். அதே வருஷம் ஃபெர்குசன்ங்கற அமெரிக்க ஊர்ல மைக்கேல் பிரவுன்னு ஒரு கறுப்பினப் பையனை போலீஸ் சுட்டுக் கொன்னப்ப கறுப்பர் வலியைப் பத்தி வாயைத் திறந்தாரு பாருங்க, அதுவரைக்கும் கைதட்டுன கூட்டத்துல பாதிக்கு மூஞ்சி மாறிடுச்சு. 2017ல வெள்ளைக்கார இவாஞ்சலிக்கல் (சுவிசேஷ) சபைக் கூட்டத்தோட உறவு அத்துப்போச்சுன்னு அவரே சொல்லிட்டாரு. ஊழியம் தெருவுக்குப் போச்சா, இல்ல தெரு வாசனைய வசதியான சர்ச்சுக்கு வித்துச்சா?

ஜெபராஜ்_நெல்லை: டீச்சர் நான் சொன்னதையே சொல்லிட்டாங்க.

ஸ்டெல்லா_டீச்சர்: இல்லண்ணே, உங்களுக்கு சத்தம் புடிக்கல. எனக்கு சத்தம் புடிக்கும்.

பீட்_பாஸ்கா: விக்கிறதா இருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பாரே டீச்சர், காசு அங்கதான இருந்துச்சு. ஜெபராஜ் அண்ணே, அந்தப் பாட்டு வரியை தமிழ்ல டைப் பண்ணி அனுப்புறேன், ஸ்பீக்கர் இல்லாம படிங்க.

ஜெபராஜ்_நெல்லை: அனுப்பு. எழுத்து பெருசா இருக்கட்டும், கண்ணாடி பவர் ஏறிருச்சு.